ஐந்து டாலர் கணிப்பொறியும் கொட்டச்சேட்டு மழையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் அதனைத் தலைமுறைகளாகப் பிரித்துக் காட்டும். வால்வுகளால் ஆனது முதல் தலைமுறை. டிரான்சிஸ்டர்களால் ஆனது இரண்டாவது. ஒருங்கிணைந்த சுற்றுகளால் ஆனது மூன்றாவது. நுண்செயலி வந்தபின் நான்காவது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிட வேகமானது, சிறியது, மலிவானது என்று தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பெரிய கணிப்பொறிகளைப் பொறுத்தவரை இஃது உண்மையே. ஆனால் பொழுதுபோக்குக்காகவும் கற்பதற்காகவும் மாணவர்கள் வாங்குகிற சின்னஞ்சிறு ஒற்றைப் பலகைக் கணிப்பொறிகளுக்கு இந்த விடையைப் பொருத்தினால் பாதி மதிப்பெண்தான் தரவேண்டும் என்பது என் கருத்து. சேர்வராயன் மலையில், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையிலுள்ள எங்கள் கொட்டச்சேட்டில் அவற்றை வைத்துப் பார்த்தால், தலைமுறைகளின் வரிசையே கலைந்துபோகிறது.

முதலில் அந்தக் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ராஸ்பெர்ரி பை கணிப்பொறி 2012இல் வெளிவந்தது. அதன் இளைய தம்பியான பை ஜீரோ 2015 நவம்பரில் வந்தது. நீளம் ஆறரை சென்டிமீட்டர், அகலம் மூன்று சென்டிமீட்டர். விலை ஐந்து டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 330 ரூபாய். ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கருச் செயலி, 512 மெகாபைட் நினைவகம். அந்த மாதம் 'மேக்பை' என்னும் பத்திரிகை தன் அட்டையில் இந்தக் கணிப்பொறியையே ஒட்டி, வாசகர்களுக்கு இலவசமாகத் தந்தது! (நம் ஆண்டு மலர்க் குழுவினர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.) 2017இல் வைஃபையும் புளூடூத்தும் சேர்த்துப் பத்து டாலருக்கு ஜீரோ டபிள்யூ வந்தது. 2021 அக்டோபரில் நான்கு கருக்களோடு ஜீரோ 2 டபிள்யூ பதினைந்து டாலருக்கு வந்தது. வேகம் பல மடங்கு கூடியது. நினைவகம் மட்டும் அதே 512 மெகாபைட். விலையோ ஐந்து, பத்து, பதினைந்து என்று வாய்ப்பாடு போல் ஏறியது. 'மலிவானது' என்ற பாடநூல் விடை இங்கேயே பிசகிவிட்டது அன்றோ?

'ஐந்து டாலர்' என்பதும் அப்படியே நம்பத்தக்கதன்று. பலகை கைக்கு வந்தபின் மெமரி கார்டு வேண்டும், ஐந்து வோல்ட் அடாப்டர் வேண்டும், சாதாரண எச்.டி.எம்.ஐ. வடம் அதில் நுழையாது, மினி வேண்டும். கீபோர்டைச் செருகத் தனியாக ஓ.டி.ஜி. வடம் வேண்டும், கீபோர்டும் திரையும் வேண்டும், நாற்பது பின்களையும் நாமே சால்டர் செய்ய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். வீட்டில் இவையெல்லாம் ஏற்கெனவே கிடக்கின்ற மாணவனுக்கு அது ஐந்து டாலர் கணிப்பொறி. கல்லூரி என்பதை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பார்த்த என்னைப் போன்றவனுக்கு அப்படியில்லை. உலகளாவிய சிப் பஞ்சம் 2021 முதல் 2023 வரை நிலவியபோது, அறிவித்த விலைக்குப் பலகை கிடைப்பதே அரிதாயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஊருக்கு வருவோம். கொட்டச்சேட்டில் காப்பியும் மிளகும்தான் வாழ்வு. பறித்த காப்பிப் பழத்தைக் களத்தில் பரப்பி, கொட்டையின் ஈரம் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். காயும் நாட்களில் மூடுபனி இறங்கினாலோ தூறல் விழுந்தாலோ உடனே குவித்து மூட வேண்டும். தவறினால் பூசணம் பிடிக்கும், விலை விழும். காற்றின் ஈரம் எப்போது ஏறுகிறது என்று ஒரு கருவி முன்கூட்டிக் கத்தினால் எத்துணை உதவி! மழைக் கணக்கும் அப்படியே. மலையில் மழை சரிவுக்குச் சரிவு மாறும். ஏற்காட்டில் பதிவாகும் அளவு எங்கள் சரிவுக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் மணிக்கு எவ்வளவு பெய்கிறது என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருப்பதில்லை.

மழைமானி செய்வது கடினமன்று. மண்ணெண்ணெய் ஊற்றும் 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 201 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 20 கன சென்டிமீட்டர் நீர் இறங்கும். அதன் கீழே 4 கன சென்டிமீட்டர் நிரம்பியதும் கவிழ்கிற சிறு துலாக்கரண்டி ஒன்று. அதில் ஒரு காந்தத்துண்டு. எதிரே ஒரு ரீட் சுவிட்ச். ஒரு கவிழ்ப்பு என்றால் 0.2 மில்லிமீட்டர். கணிப்பொறியின் வேலை எண்ணுவது மட்டுமே.

இந்த எண்ணும் வேலைக்கு மேற்சொன்ன குடும்பத்தில் யாரை அமர்த்தலாம்? பதினைந்து டாலர்ப் பலகை லினக்ஸ் என்னும் முழு இயக்க அமைப்பை ஓட்டுவது. மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருந்த மெமரி கார்டு கெட்டுப்போகக்கூடும். புயல் இரவில் மின்சாரம் நிற்பது எங்கள் ஊரில் வியப்பன்று. கருவி விழித்திருக்க வேண்டிய இரவும் அதுவே. அடுத்து, மலிவான டி.எச்.டி. 11 ஈர உணரியை எடுத்துக்கொள்வோம். அது தன் செய்தியைத் துடிப்புகளாக அனுப்பும். ஏறத்தாழ 27 மைக்ரோவினாடித் துடிப்பு என்றால் சுழி, 70 மைக்ரோவினாடி என்றால் ஒன்று. லினக்ஸோ ஒரே சமயத்தில் பல வேலைகளைப் பார்க்கும் அதிகாரி போன்றது. அந்த நொடியில் வேறு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தால் துடிப்பைத் தவறவிடும். வேறொரு வியப்பும் உண்டு: மண்ணீர உணரி தருவது போன்ற ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நேராக அளக்க ஜீரோ குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் ஒரு பின்கூட இல்லை.

இதே நிறுவனம் 2021 ஜனவரியில் நான்கு டாலருக்கு பைக்கோ என்ற பலகையை வெளியிட்டது. வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 264 கிலோபைட், அதாவது ஜீரோவினுடையதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. லினக்ஸ் இல்லை, திரை இல்லை, மெமரி கார்டும் இல்லை. பாடநூல் கணக்குப்படி இது பின்னோக்கிப் போன தலைமுறை. ஆனால் எங்கள் களத்துக்கு இதுவே முன்னேற்றம் என்பேன். மின்னழுத்தத்தை அளக்க மூன்று பின்கள் உண்டு. துடிப்புகளை மட்டும் கவனிக்கவே தனி உறுப்பு உள்ளே இருக்கிறது. 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஓடும். டார்ச் விளக்குக்குப் போடும் செல் மூன்று போதும். மின்சாரம் நின்று வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

நினைவகம் போதாதே என்பார்க்கு ஒரு கணக்கு. கால் மணிக்கு ஒருமுறை மழை எண்ணிக்கையைக் குறித்தால் நாளுக்கு 96 குறிப்புகள். ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம் ஆண்டு முழுமைக்கும் சுமார் 70 கிலோபைட். பைக்கோவின் 2 மெகாபைட் ஃபிளாஷ் சேமிப்பில் பல ஆண்டுகளின் மழை அடங்கும்! நேரம் காட்டுவதில் மட்டும் எல்லாத் தலைமுறையும் ஒன்றே: மின்சாரம் நின்றால் ஜீரோவும் நேரத்தை மறக்கும், பைக்கோவும் மறக்கும். பட்டன் செல்லில் ஓடும் டி.எஸ். 3231 கடிகாரம் ஒன்றைத் தனியே இணைத்தாக வேண்டும்.

2022இல் வைஃபையுடன் பைக்கோ டபிள்யூ ஆறு டாலருக்கும், 2024 ஆகஸ்டில் இரு மடங்கு நினைவகத்துடன் பைக்கோ 2 ஐந்து டாலருக்கும் வந்தன. வைஃபை பெருமை எங்களுக்குச் சிறிதே பயன்படும்; களத்தில் வைஃபை ஏது? 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த நம் நாட்டில் இடமுண்டு. அதில் இயங்கும் லோரா வானொலித் துண்டு மலைச்சரிவுக்கு ஏற்றது. பைக்கோ 2இன் முதல் சிப்புகளில், பின்னைக் கீழிழுக்கும்போது மின்னோட்டம் கசியும் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, 2025இல் திருத்திய சிப் வெளியாயிற்று. சுவிட்ச் எண்ணும் நமக்கு இது நேராகவே தொடர்புடைய குறை. புதிதாக வந்ததும் ஓடிப்போய் வாங்க வேண்டும் என்பார் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் ஏழை மாணவனுக்குப் பழையதே போதும் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பேச்சில் எனக்கு அறவே உடன்பாடில்லை. ஆர்டுயினோ ஊனோவின் நினைவகம் வெறும் 2 கிலோபைட். ஆனாலும் அதன் வரைபடம் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டதால் நகல் பலகைகள் சென்னை ரிச்சித் தெருவில் மலிவாகக் கிடைக்கின்றன. 2014இல் வந்த ஷாங்காய் நிறுவனத்தின் இ.எஸ்.பி. 8266 வைஃபையை ஏழைக்கும் எட்டவைத்தது. இவற்றுக்கு இன்றும் இடமுண்டு. ஆனால் காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பான் தாக்குதலைக் கேமராப் படத்திலிருந்து கண்டறிய விரும்பும் மாணவிக்கு நான்கு கருக்களும் லினக்ஸும் இல்லாமல் முடியாது. அவளிடம் போய் 'உனக்கு ஊனோ போதும்' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வேலை எது என்று முதலில் கேட்க வேண்டும். கைப்பணம் எவ்வளவு என்று முதலில் கேட்பது தவறு.

பாடநூல் கேட்காத அளவுகோல் இன்னொன்று உண்டு: தமிழ். என் அப்பா தமிழ் மட்டுமே படிப்பார். கருவியின் சிறு திரையில் 'ஹியூமிடிட்டி' என்று ஆங்கிலத்தில் மின்னினால் அவருக்கு என்ன பயன்? லினக்ஸ் ஓடும் ஜீரோவில் தமிழ் எழுத்துரு தானாக ஒழுங்காக வரும். பைக்கோவிலோ கூடவே வரும் எழுத்துகள் ஆங்கிலம் மட்டுமே. எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'கொ'வில் கொம்பு முன்னே, கால் பின்னே. 'சே'யில் இரட்டைக்கொம்பு முன்னே. சேமிப்பிலோ மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். இடம் மாற்றி வரையும் அறிவு இந்தச் சிறு பலகைக்கு இல்லை. ஆறு எழுத்துள்ள 'கொட்டச்சேடு' என்ற சொல்லுக்கு ஒன்பது வடிவங்களைக் கிராஃப் தாளில் பதினாறு புள்ளி உயரத்தில் வரைந்து, எண்களாக மாற்றி ஏற்றினேன். 128க்கு 64 புள்ளித் திரையில் அது வந்து நின்றபோது அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மழைக்கும் ஒரு வரி போடுடா" என்றார். இவ்வளவு வேலையை ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. நம் தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்தால் 247 எழுத்துக்கும் ஒருமுறை செய்து எல்லார்க்கும் கொடுத்துவிடலாம்.

நம் நாட்டுச் சிப்புகளும் வந்துவிட்டன என்பதை மறக்கலாகாது. 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி உருவாயிற்று. சி-டாக் நிறுவனத்தின் வேகா வரிசையைச் சேர்ந்த தேஜஸ் 32 சிப், ஏரீஸ் என்ற பலகைகளில் கிடைக்கிறது; 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட். எண்களில் பைக்கோவுக்கு நிகரே. ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கும் நிரல் எழுதலாம். ஆனால் உலகெங்கும் பல்லாயிரம் பேர் எழுதிவைத்த விளக்கங்கள் பைக்கோவுக்கு உண்டு. ஏரீசுக்கு அந்த அளவு இல்லை. நம் கல்லூரிகளில் பயன்பட்டால்தானே அந்த விளக்கங்களும் பெருகும்?

'கைப்பேசியில் இதைவிட ஆயிரம் மடங்கு ஆற்றல் இருக்கிறதே' என்பார் சிலர். இருக்கட்டும், மழைக்கரண்டியின் இரு கம்பிகளைக் கைப்பேசியின் எந்த இடத்தில் முறுக்குவது? 2016இல் பிரிட்டனில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு மைக்ரோபிட் என்ற பலகையை இலவசமாகவே கொடுத்தார்கள். நம் மாநிலமும் 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலந்தான். அப்போது என் பெரியப்பா மகனுக்குக் கிடைத்த மடிக்கணினியில்தான் நான் பைக்கோவுக்கு நிரல் எழுதுகிறேன். அதன் பேட்டரி போய்விட்டது. வடத்தைச் செருகியே ஓட்ட வேண்டும். என்றாலும் பைக்கோவை யு.எஸ்.பி.யில் செருகினால் ஒரு பென் டிரைவ் போல் தெரிகிறது. கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பழைய கொடை புதிய பலகைக்கு உயிர் கொடுக்கிறது!

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் புத்தகம் இரவல் தருவது போல், பலகைகளையும் பருவத்துக்கு ஒருமுறை இரவல் தர வேண்டும். பைக்கோ இருபது, ஏரீஸ் ஐந்து, ஜீரோ 2 டபிள்யூ மூன்று போதும். பலகையை மட்டும் தந்து அனுப்பினால் பயனில்லை. பெட்டிக்குள் வடம், செல் தாங்கி, பட்டன் செல் கடிகாரம், டி.எச்.டி. உணரி, சால்டர் செய்து முடித்த பின்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஜீரோ பெட்டியில் மெமரி கார்டு இரண்டாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசிக்குள், பெட்டிகள் மாணவர் கைக்கு வந்தாக வேண்டும்.