பாறு காக்கும் தொண்டர்கள்

பிணந்தின்னும் கழுகுக்கு ஒரு சங்கமா, அச்சங்கத்துக்குத் தொண்டர்களா என்று நம் நண்பர் ஒருவர் சில தினங்களுக்கு முன் நகைத்தார். வயிறாரச் சோறில்லாத ஜனங்கள் நிறைந்த தேசத்தில் பட்சிகளுக்குத் தொண்டு செய்வது வீண் ஆடம்பரம் என்பது அவர் அபிப்பிராயம். தேச சேவையில் பல வருஷம் உழைத்தவர் அவர். அவரைப் போல் எண்ணுவோர் நம் நேயர்களிலும் இருக்கக்கூடும். ஆதலின் அவருக்கு இவ்விடத்திலேயே விடையிறுப்பது நலமெனக் கருதுகிறோம்.

சென்ற நூற்றாண்டின் எண்பதுகள் வரை இந்நாட்டில் பாறுக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. செத்த மாட்டை ஊர்ப்புறத்தே இட்டால் மறுநாள் எலும்பு மாத்திரமே கிடக்கும். கூலி கேளாமல், விடுமுறை வேண்டாமல், இத்தேசத்தைத் துப்புரவு செய்த ஜாதி அது. பாரத்பூர் சரணாலயத்தில் 1987-88ல் 353 ஜோடிகள் கூடு கட்டின. 1996-97ல் 150 ஜோடிகளே மிஞ்சின. இதைக் கண்டு முதலில் திடுக்கிட்டு எழுந்தவர் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர். 1883ல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்தவர். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. இத்தனை வேகமாக ஒரு பட்சி ஜாதி அழிந்ததற்கு உலகில் உவமை காண்பது அரிது.

கொன்றது யார்? வேட்டைக்காரனல்லன். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோபினாக் என்ற ஊசி மருந்தே எமனாயிற்று. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை வைத்தியர் பாகிஸ்தானத்தில் இறந்து கிடந்த கழுகுகளை அறுத்து ஆராய்ந்து 2003ல் இவ்வுண்மையைக் கண்டார். ஊசி போட்டும் பிழைக்காத மாட்டின் இறைச்சியைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் சில தினங்களில் கெட்டுவிடுகிறது. ஒரே பிணத்தைச் சுற்றிக் கழுகுகள் கூட்டமாக அமர்வதால், நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக இம்மருந்து இருந்தாலே குலநாசத்துக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதன் பலனை மனிதரும் அனுபவித்தோம். கழுகு போன இடத்தில் அழுகிய பிணமும், அசுத்தமான நீரும், பெருகிய தெருநாயும் வந்து சேர்ந்தன. கழுகுகள் நிறைந்திருந்த ஜில்லாக்களில், அவை மறைந்தபின், 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக மாண்டனர் என்று இரு பொருளாதார அறிஞர்கள் 2024ல் வெளியிட்ட ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. வீண் ஆடம்பரம் என்று கூறிய நம் நண்பர் இத்தொகையைச் சற்றுச் சிந்திப்பாராக.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்கு இம்மருந்தைக் கொடுப்பதை 2006ல் தடுத்தனர். வியாபாரிகளோ, மனிதருக்கென விற்கும் பெரிய குப்பிகளைக் கொண்டே மாட்டுக்கும் ஊசி போட வழி கண்டனர். 2015ல், மனிதருக்குரிய குப்பி 3 மில்லி லிட்டருக்கு மேற்படலாகாது என்று உத்தரவு பிறந்தது. மருந்து உற்பத்தியாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றது 2017ல். அதன்பின் 2023ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற வேறிரண்டு மருந்துகளும் கால்நடைக்கு ஆகாவெனத் தடுக்கப்பட்டன. மெலாக்சிகாம் என்ற, கழுகுக்குத் தீங்கற்ற மருந்து இருக்கிறது. ஆகையால் மாட்டுக்காரனுக்கு இதனால் யாதொரு நஷ்டமுமில்லை.

ஆயின் கெஜட்டில் அச்சிட்ட உத்தரவு தானே நடந்து மருந்துக் கடைக்குப் போவதில்லை. நீதிமன்றத்தில் பல வருஷம் காலங்கழித்த நமக்கு இது நன்கு தெரியும். மேற்படி உத்தரவுகளைக் கடைதோறும் கொண்டு சென்றவர் யார்? நம் தமிழ்நாட்டில் அவ்வேலையைத் தலைமேற் கொண்டது அருளகம் என்ற சிறு ஸ்தாபனம். அதை நடத்தும் பாரதிதாசன் என்ற அன்பருக்குப் புதுவைக் கவிஞரின் பெயரே வாய்த்திருக்கிறது, பிடிவாதமும் அவ்வாறே. இவரும் இவருடைய தோழர்களும் நீலகிரிச் சாரலில், மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றிய ஊர்களில், மருந்துக் கடைக்காரரையும் கால்நடை வைத்தியரையும் மாடு மேய்ப்போரையும் நேரிற் கண்டு பேசிவருகிறார்கள். புலி அடித்த மாட்டின் மீது ஆத்திரத்தால் விஷந்தடவி வைப்பவரிடம், அவ்விஷத்தால் புலியோடு கழுகும் சாகும் என்று எடுத்துச் சொல்கிறார்கள். காட்டில் இறந்த மிருகங்களைப் புதையாமல் கழுகுக்கு விட்டுவிடும்படி வன இலாகாவிடம் மன்றாடுகிறார்கள். மாயாற்றங்கரையில் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றனவென்றால், இப்படி அலைந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கூட்டமும் மாலையும் கோஷமும் இல்லாத தொண்டு இது. சடாயுவுக்குத் திவசம் செய்த கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கும் நம்மவர், புள்ளிருக்குவேளூருக்கு யாத்திரை போகும் நம்மவர், உயிரோடிருக்கும் சடாயுவின் குலத்துக்கு என்ன செய்தோம்? திருக்கழுக்குன்றத்தில் தினந்தோறும் வந்து பிரசாதம் உண்ட கழுகுகள் சென்ற நூற்றாண்டின் கடைசியில் வருவதை நிறுத்திவிட்டன. ஊருக்குப் பெயர் தந்த பட்சி போயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் 246 கழுகுகளும், அவ்வருஷ முடிவில் 320ம் எண்ணப்பட்டன. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இப்பட்சி வருஷத்துக்கு ஒரே முட்டையிடுவது. குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்டச் சுமார் ஐந்து வருஷம் வேண்டும். ஒரே ஒரு விஷப் பிணம் பல வருஷத்து உழைப்பை ஒரு பகலில் அழித்துவிடக்கூடும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இதுதான். மருந்துக் கடைகளைச் சோதிக்கச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் இருக்க, அவ்வேலையைச் சில தொண்டர் தலையில் கட்டி வேடிக்கை பார்ப்பது எந்த நியாயம்? நீலகிரி, ஈரோடு, கோயம்புத்தூர் ஜில்லாக்களில் எத்தனை கடைகள் சோதிக்கப்பட்டன, எத்தனை பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது என்பதை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கிராமத் தொண்டில் இறங்கியிருக்கும் நம் நேயர்கள், அண்டை வீட்டு மாட்டுக்கு ஊசி போடும்போது குப்பியின் மேலுள்ள பெயரைப் படிக்கட்டும். தடுக்கப்பட்ட மருந்தாயின் விற்ற கடையின் பெயரோடு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு அன்றே எழுதட்டும். ஒரு பிரதியை நமக்கும் அனுப்பட்டும்.