ஓடும் நாளுக்கு ஓர் அணை



கோடைக்கானல் ஏரியை நம்மில் பலர் கண்டிருப்போம். மலைகளின் நடுவே விண்மீன் வடிவில் விரிந்து கிடக்கும் அந்நீர்நிலை இயற்கையாகவே தோன்றியது என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர், 1863-ஆம் ஆண்டில், சதுப்பு நிலத்தினூடே ஓடிக்கொண்டிருந்த ஓடைகளைத் தடுத்து அணை எழுப்பி அவ்வேரியை உருவாக்கினார். அந்த அணை இல்லையெனில் ஏரியும் இல்லை. ஓடைகள் தம்போக்கில் சமவெளியை நோக்கி இறங்கிப் போயிருக்கும்.

கல்லணையையும் முக்கொம்பையும் அருகிலேயே கொண்டுள்ள திருச்சி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஓடும் நீருக்கு அணை வேண்டும்; ஓடும் நாள்களுக்கும் அவ்வாறே. ஓய்வு தானாக வந்து சேரும் என்று காத்திருக்கும் தம்பதியருக்கு அது வருவதே இல்லை. முதலில் வீட்டுக் கடன், அடுத்துப் பிள்ளைகளின் படிப்பு, அதன்பின் மகளின் திருமணம். "எல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லியே முடி நரைத்துவிடுகிறது.

திருவரங்கத்தில் வாழும் ஒரு தம்பதியரை நான் அறிவேன். மணமாகி இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் இருவர் மட்டுமாக அவர்கள் எங்கும் சென்றதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் சுற்றம் முழுவதும் உடன்வரும். பூண்டி மாதா கோயிலுக்குப் போனால் அண்டை வீட்டாரும் சேர்ந்துகொள்வர். பிள்ளைகள் வெளியூரில் வேலை பெற்றுச் சென்றபின், மூத்த மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்து, இருவரும் கோடைக்கானல் சென்று தங்கினர்.

மறுநாள் காலையில் அவசரம் ஏதுமின்றித் தேநீர் அருந்தினர். பிரையண்ட் பூங்காவில் மலர்ப் பாத்திகளைக் கண்டு மகிழ்ந்தனர். பின்னர் ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் நடந்தனர். சுற்று முழுவதும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் இருக்கும். கணவர், வழக்கம்போல், பத்தடி முன்னே சென்றுகொண்டிருந்தார். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தபோது, மனைவி முழங்காலைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றார்.

"என்ன, கால் வலிக்கிறதா?"

"ஆமாங்க."

"எப்போதிருந்து?"

"இரண்டு வருஷமா இருக்குங்க. படி ஏறும்போதுதான் அதிகம்."

"என்னிடம் நீ சொல்லவே இல்லையே!"

"சொல்ல நேரம் எங்கேங்க இருந்தது?"

அன்று அவர்கள் ஏரியைச் சுற்றி முடிக்கவில்லை. கரையோரம் அமர்ந்து அவித்த சோளம் தின்றனர். பிற்பகலில் படகொன்றில் ஏறி, துடுப்பின் ஓசையைக் கேட்டபடி நெடுநேரம் பேசினர். மாலையில், 1860-களில் சேசு சபைக் குரு லூயி சேன்-சீர் எழுப்பிய சலேத் மாதா ஆலயத்திற்கு ஆட்டோவில் சென்று செபித்தனர். ஊர் திரும்பிய அதே வாரத்தில் மருத்துவரைக் கண்டனர். "ஒரே கூரையின்கீழ் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தும் அவளுடைய வலி எனக்குத் தெரியவில்லையே, சாமி" என்று அவர் பின்னர் என்னிடம் கூறினார்.

இவ்வீட்டில் குடியில்லை, சண்டையில்லை, ஐயமுமில்லை. இருவருமே கடமை தவறாதவர்கள். ஆயினும் கடமைகளின் ஓட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரு நிறுவனத்தின் இரு அலுவலர்களைப் போல் ஆகிவிட்டனர். வரவு, செலவு, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது. சச்சரவுள்ள வீட்டின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். அமைதியான வீட்டின் இந்த ஆபத்தோ அவ்வீட்டாருக்கே தெரிவதில்லை.

ஓய்வைத் தேடுவது தன்னலம் அன்றோ என்று சிலர் தயங்கலாம். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உண்ணவும் நேரமின்றி உழைத்த திருத்தூதர்களை நம் ஆண்டவர் தனிமையான இடத்திற்கு வந்து சற்று இளைப்பாறுமாறு அழைத்தார். அவர்களும் படகேறிச் சென்றனர். மக்கள் அவர்களுக்கு முன்பே கரையை அடைந்துவிட்டனர் என்பதும், ஆண்டவர் அவர்கள்மீது பரிவுகொண்டார் என்பதும் அங்கேயே எழுதப்பட்டுள்ளன. ஓய்வு கடமைக்கு எதிரி அன்று. கோடைக்கானல் ஏரியில் நிறைந்து மிகும் நீரே மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாய் இறங்குகிறது. நிறைந்த பின்னரே வழிகிறது; வற்றிய ஏரியிலிருந்து அருவி எங்ஙனம் விழும்?

மலையேற விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு: கோடை விடுமுறையின் நெரிசலைத் தவிர்ப்பது நலம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல், சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்வோர் இ-பாஸ் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் மலைக்குக் கொண்டு செல்லாதீர்கள்.

அவ்வளவு தொலைவு செல்ல வசதியில்லாதோர் மனம் தளர வேண்டாம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு நம் அருகிலேயே உள்ளது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நகரப் பேருந்தில் சென்று, ஆற்றங்கரை மர நிழலில் ஒரு பிற்பகலைக் கழித்துவிட்டு வரலாம். அங்கும் நிபந்தனை ஒன்றே: இருவர் மட்டுமே செல்லவேண்டும்; கைப்பேசி பைக்குள் உறங்கவேண்டும்.

ஆதலால், இம்மாத நாட்காட்டியில் ஒரு நாளை இன்றே குறித்து வையுங்கள். அந்நாளில் எங்கே சென்றாலும், நடக்கும்போது உங்களில் எவர் முன்னே போகிறார் என்பதை மட்டும் சற்றுக் கவனியுங்கள்.