கடன் வரிசையில் முதல்வரும் கடைசியானவரும்

அரசர் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண்ணைக் காண்கிறோம். அவளுடைய கணவன் இறைவனுக்கு அஞ்சி நடந்தவன். ஆயினும் கடன் வைத்து இறந்தான். கடன் கொடுத்தவன் வந்து அவளுடைய இரு புதல்வரையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் காத்து நிற்கிறான். இறைவாக்கினர் எலிசா அவள் வீட்டில் எஞ்சியிருந்த ஒரு கலய எண்ணெயைப் பெருகச் செய்தார். அதன்பின் அவர் கூறிய அறிவுரையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் வாழ வேண்டும்.

நம் பங்குகளிலும் இத்தகைய கைம்பெண்கள் உண்டு. குடும்பத் தலைவரின் அடக்கம் முடிந்து உறவினர் கலைந்த பின்னர், ஒருவர் பின் ஒருவராகக் கடன் கொடுத்தவர்கள் வாயிலில் வந்து நிற்கின்றனர். உரக்கப் பேசுகிறவருக்கு முதலில் பணம் போய்ச் சேருகிறது; வாய் பேசாத ஏழைக்கு ஒன்றுமில்லாமல் போகிறது. யாருக்கு முதலில் கொடுப்பது? வீடு கைவிட்டுப் போய்விடுமா? மீதிக் கடன் பிள்ளைகளின் தலையில் விழுமா? இம்மாதம் இவ்வினாக்களையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்ந்துகொள்வது நன்று. கடன் இருவகைப்படும். ஒன்று, வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைத்து வாங்கியது. மற்றொன்று, பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்தோ, வெறும் வாய்ச்சொல்லின் பேரிலோ வாங்கிய கைக்கடன். ஈட்டுக் கடன் மனிதரோடு மட்டும் நிற்பதன்று. அது நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நிலம் யார் கைக்கு மாறினாலும் அதுவும் கூடவே செல்லும். வீட்டை மகளுக்கு உயில் எழுதி வைத்தாலும், உயிலில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அடமானத்தோடு சேர்த்தே அவள் அதைப் பெறுகிறாள்.

ஒரே வீட்டை இருவரிடம் அடமானம் வைத்திருந்தால், காலத்தால் முந்தியவர் உரிமையாலும் முந்தியவர். இது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறும் நெறி. முந்தியவரின் வஞ்சகத்தாலோ பொய்யுரையாலோ பெருங்கவனக் குறைவாலோ பிந்தியவர் ஏமாந்து பணம் கொடுத்திருந்தால், முந்தியவர் பின்னுக்குத் தள்ளப்படுவார் என்று அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு விதிவிலக்கும் அளிக்கிறது.

இனி, இறந்தவரின் கடன்களுக்கு வருவோம். தமிழகத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கட்டுப்படுத்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 320 முதல் 323 வரையுள்ள பிரிவுகள் ஒரு வரிசையை வகுத்திருக்கின்றன. இறந்தவரின் நிலைக்கேற்ற நியாயமான அடக்கச் செலவும், இறுதி நோயின் மருத்துவச் செலவும், இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்து உணவு, தங்கும் செலவும் முதலாவது. உயிலை மெய்ப்பிப்பதற்கும் நிர்வாக உரிமை பெறுவதற்கும் ஆகும் நீதிமன்றச் செலவு இரண்டாவது. இறப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் அவருக்கு உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோருக்குத் தர வேண்டிய ஊதியம் மூன்றாவது. பிற கடன்கள் இவற்றுக்குப் பின்னரே. அவற்றுள் ஒருவருக்கொருவர் முந்துரிமை இல்லை. இருப்பதை அனைவருக்கும் விகிதப்படி பகிர வேண்டும். நிர்வாகம் செய்பவர் தமக்கு வரவேண்டிய கடனைக்கூட முந்தி எடுத்துக்கொள்ளலாகாது. உயிலில் கண்ட கொடைகள் கடன்கள் யாவும் தீர்ந்த பிறகே. அடமானம் பெற்றவரோ இவ்வரிசைக்குப் புறம்பானவர். அவருடைய உரிமை அந்தச் சொத்தின்மேலேயே பதிந்திருக்கிறது. சொத்தை விற்றும் தீராத பாக்கி இருந்தால், அந்தப் பாக்கிக்கு மட்டும் அவரும் மற்றவரோடு வரிசையில் நிற்க வேண்டியவரே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் இறந்தபோது வீடு ஒன்றும், வங்கியில் 1 லட்சம் ரூபாயும் இருந்தன என்று கொள்வோம். வீடு 20 லட்சத்துக்கு விலைபோகிறது. வீட்டின்மேல் அடமானக் கடன் 14 லட்சம். அது போக எஞ்சுவது 6 லட்சம். வங்கிப் பணத்தோடு 7 லட்சம். அடக்கம், மருத்துவம் ஆகியவற்றுக்கு 80,000 ரூபாய். வேலையாட்களின் கூலிப் பாக்கி 20,000 ரூபாய். நீதிமன்றச் செலவு ஏதும் இல்லையென்றால் 6 லட்சம் மிஞ்சும். கைக்கடன் கொடுத்தவர் மூவர்: ஒருவர் 4 லட்சம், ஒருவர் 3 லட்சம், ஒருவர் 1 லட்சம், ஆக 8 லட்சம். எனவே ரூபாய்க்கு 75 காசு வீதம் முறையே 3 லட்சம், 2 லட்சத்து 25 ஆயிரம், 75 ஆயிரம் கிடைக்கும். வாரிசுகளுக்கு ஒன்றுமில்லை. ஆயினும், தீராத 2 லட்சத்தைப் பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கேட்கச் சட்டத்தில் இடமில்லை. தந்தையிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே பிள்ளைகள் பொறுப்பாளிகள். எலிசாவின் காலத்துக் கைம்பெண்ணுக்குக் கிட்டாத இப்பாதுகாப்பு இன்று நமக்கு உண்டு. ஆனால் தந்தையின் கடனுக்கு மகன் ஜாமீன் கையெழுத்து இட்டிருந்தால் நிலைமை வேறு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் நெறி.

அடமான வீட்டைப் பற்றியும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. கடனைச் செலுத்தி அடமானத்தை மீட்கும் உரிமை வாரிசுகளுக்கும் உண்டு. அவ்வுரிமையை முன்கூட்டியே பறிக்கும் நிபந்தனை பத்திரத்தில் இருந்தாலும் அது செல்லாது. வங்கிகள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் செல்லாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன் 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தை இச்சட்டத்தின் கீழ்க் கைப்பற்ற இயலாது. ஏலத்தில் கடனுக்கும் செலவுக்கும் மேல் கிடைத்தது உரியவருக்கே திரும்ப வேண்டும். ஆகவே வங்கியிலிருந்து வரும் பதிவுத் தபாலைப் பிரிக்காமல் மாடத்தில் செருகி வைப்பதே பெருந்தீங்கு.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. மனச்சாட்சி என்ன சொல்கிறது?

கூலிக்கு உழைத்தவனின் ஊதியத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று இணைச் சட்ட நூல் கட்டளையிட்டது. கொடுக்கப்படாத கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்றார் திருத்தூதர் யாக்கோபு. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுத் திருமடலில் இதனையே முதலாளிகளுக்கு நினைவூட்டினார். வீட்டு வேலை செய்த அம்மாளின் மூன்று மாதச் சம்பளத்தைப் பெருங்கடன்களுக்கு முன்னே நிறுத்திய 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வறத்தின் சாயலைக் காண்கிறோம். அச்சட்டம் அடக்கச் செலவுக்கு முதலிடம் தந்தபோதிலும், 'நியாயமான அளவு' என்று வரம்பும் இட்டது. வேலைக்காரியின் சம்பளம் பாக்கியிருக்க, முப்பதாம் நாள் விருந்துக்குப் பந்தல் போடுவது இறந்தவரின் ஆன்மாவுக்கு எவ்வாறு இளைப்பாற்றியாகும்? அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம்; விருந்துக்கு ஆகும் பணத்தை அவர் பட்ட கடனுக்குக் கொடுப்போம்.

இன்னொன்றும் உண்டு. ஈடு கேட்டு வாங்கியவர் வரிசையில் முதலில் நிற்கிறார். ஈடே கேட்காமல், 'உம்மை நம்பித் தருகிறேன்' என்று கொடுத்தவர் கடைசியில் நிற்கிறார். நம்மை மிக நம்பியவரே மிக இழக்கிறார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்து வைத்ததை அண்டை வீட்டார் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த 2 லட்சத்துக்காகப் பிள்ளைகளின்மேல் வழக்குத் தொடர முடியாது. ஆயினும் வசதி பெற்ற பிள்ளைகள் தந்தையின் பேரால் அதைச் சிறிது சிறிதாகத் தீர்ப்பார்களேயானால், அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் கல்லறைமீது எழுப்ப முடியாது. அதற்கு வழியற்ற ஏழைக் குடும்பத்தாரோ மனம் புழுங்க வேண்டாம். இயலாததை இறைவன் கேட்பதில்லை.

இத்துயரங்களுள் பல, உயிரோடிருக்கும்போதே தடுக்கத் தக்கவை. கணவன் வாங்கும் கடனை மனைவி அறிந்திருக்கட்டும். யாருக்கு எவ்வளவு, எதன்பேரில் என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள். வங்கிக் கடனோடு ஆயுள் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நிறைவு பெறாமல் மூலப் பத்திரத்தையும் நேரில் பார்க்க வேண்டும். பத்திரத்தை ஒப்படைப்பதாலேயே உண்டாகும் அடமானம் சில வேளை வில்லங்கச் சான்றில் தோன்றாது. பத்திரம் கையில் இல்லையென்றால், அது யார் கையில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. இறப்புக்குப் பின் கடன் கேட்டு வருவோரிடம், "எல்லாக் கணக்கையும் பார்த்து முறைப்படி தருகிறோம்" என்று பணிவோடு கூறுங்கள். பதறிப்போய் ஒருவருக்கே அனைத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வாய் பேசாத ஏழையை மறந்துவிடாதீர்கள்.

கடனை நேர்மையாய்த் தீர்த்த வீட்டில், மிஞ்சியது சிறிதாயினும், அதை உண்பவர் அமைதியாய் உறங்குவர்.