வெறும் வயித்துக் குளிசை

எங்கட ஊர்ல ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கியிருக்கு என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் பல சட்டங்கள் அமுலுக்கு வந்துவிடும். அன்னாசி கூடாது. பப்பாசி கூடாது. மஃரிபுக்குப் பிறகு வாசல்ல நிற்கக் கூடாது. கூடவே இதுவும் வரும்: "கண்ட கண்ட குளிசையக் குடிக்காத புள்ள, வயித்துப் புள்ளைக்குக் கூடாது."

பப்பாசியை விட்டதால் யாருக்கும் நட்டமில்லை. தைரொயிட் குளிசையை விட்டால் நட்டம். அதுவும் யாரைக் காப்பாற்ற விட்டார்களோ, அந்தப் பிள்ளைக்கே.

இதை எழுத வைத்தது எங்கட ராத்தா ஒருத்தியின் கதை. கலியாணத்துக்கு முன்னமே தைரொக்சின் குடித்து வந்தவ. மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்சா கதை வேற மாதிரிப் போகும் என்று உம்மா குளிசைப் பெட்டியைப் பால்மா டின்னுக்குள் ஒளித்து வைத்தா. பிள்ளை தங்கியதும் அதையும் நிறுத்தச் சொன்னா. கிளினிக்கில் பதியப் போன நாள், "வேற ஏதும் வருத்தம் இருக்கா?" என்று மிஸ் கேட்டபோது மாமி பக்கத்துக் கதிரையில் இருந்தா. ராத்தா இல்லை என்று தலையாட்டிவிட்டா. மூன்று மாதம் அப்படியே போனது.

நம்மில் பலர் தைரொக்சினைப் பெனடோல் மாதிரி வெளியிலிருந்து வரும் ஒரு மருந்தாக நினைக்கிறோம். அது கழுத்தில் இருக்கும் சுரப்பி தானே செய்ய வேண்டிய ஹோர்மோன். சுரப்பியால் முடியாதபோது அதையே குளிசையாகக் கொடுக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையின் சுரப்பி 10, 12 வாரமளவில்தான் வேலையைத் தொடங்கும். ஓரளவு சொந்தக் காலில் நிற்க ஏறக்குறைய கர்ப்பத்தின் பாதிக்காலம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹோர்மோன் தாயின் இரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். ஆகவே கர்ப்பம் என்றால் அளவு குறைவதில்லை, கூடுகிறது. ஏற்கனவே குடிப்பவர்களில் பலருக்கு 25 முதல் 50 சதவீதம் வரை கூட்ட வேண்டிவரும். எவ்வளவு என்பதை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பார்த்து டொக்டர் சொல்வார். முதல் பாதியில் நாலு கிழமைக்கு ஒருக்கா பார்ப்பது நல்லது. கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, பிரஷர், மாதம் முந்திய பிரசவம் என்று ஆபத்துகள் கூடும். நம்ம வீடுகள் குளிசையை நிறுத்துவதோ சரியாக அந்த முதல் மூன்று மாதத்தில்.

ஒன்று மட்டும் கவனம். சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோலையும் சனம் "தைரொயிட் குளிசை" என்றே சொல்லும். அது வேறு கதை. ஆரம்ப மாதங்களில் அதை மாற்றிக் கொடுக்க வேண்டிவரலாம். அவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, பேசாமல் தொடரவும் கூடாது. பிள்ளைக்கு யோசிக்கும்போதே டொக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த பிரச்சினை நேரம். கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் எல்லாம் தருகிறார்கள். நம்ம ஆட்கள் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, பால் தேத்தண்ணியோட ஒரே மூச்சில் விழுங்குவார்கள். இரும்பும் கல்சியமும் வயிற்றுக்குள்ளேயே தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது. தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும். அரை மணி, ஒரு மணி கழித்துத்தான் தேத்தண்ணி. மற்றக் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி. சொல்ல லேசு. சுபஹோட எழும்பி மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, எல்லாருக்கும் சாப்பாடு கட்டுகிற பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு மணித்தியாலம் எங்கே இருக்கு? புருசன்மாரே, அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நோன்பு மாதத்தில் இது இன்னும் சிக்கல். நோயாளிக்கும், தனக்கோ பிள்ளைக்கோ பயப்படும் கர்ப்பிணிக்கும் மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதைப் பாவிக்கிற பெண்ணைப் பார்த்து "நாங்கெல்லாம் ஒன்பதாம் மாசத்துலயும் நோன்பு புடிச்ச ஆக்கள்" என்று சொல்லும் வாய்களுக்குத்தான் சலுகை இல்லை. டொக்டர் சம்மதித்து நோன்பு பிடிப்பவர், சஹருக்கு அரை மணிக்கு முந்தி எழும்பி தைரொக்சினைக் குடிக்கலாம். இல்லையென்றால் இரவு கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது.

அட்ரினல் பற்றி நம்ம ஊரில் கதையே இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பி அது. காய்ச்சல், வாந்தி, பிரசவ நோவு என்று உடம்பு இக்கட்டில் விழும்போது கோர்டிசோலைக் கூட்டிக் கொடுத்துத் தாங்க வைப்பது அதுதான். அது பழுதானவர்கள் மட்டுமில்லை, முட்டுக்கும் மூட்டு வாதத்துக்கும் நீண்ட காலம் பிரெட்னிசலோன் குடிப்பவர்களுக்கும் இந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கலாம். உடம்பு வைக்க என்று துண்டில்லாமல் வாங்கிக் குடிக்கும் குளிசைகளிலும் டெக்சாமெத்தசோன் இருக்கலாம். இவர்கள் கர்ப்பம் என்று திடீரென நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. மசக்கை வாந்தியில் குளிசை தங்காவிட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டில் கிடக்கக் கூடாது. அன்றைக்கே பாலத்தைத் தாண்டி வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியாகப் போட வேண்டிவரும். பிரசவத்தின்போதும் கூடுதல் அளவு தேவை. அதனால் ஸ்டீரொய்ட் குடித்த கதையை லேபர் ரூமில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். உடம்பு வைக்கக் குடித்ததைச் சொல்ல வெட்கம்தான். சொல்லத்தான் வேண்டும்.

எல்லாச் சிக்கலும் இந்தச் சொல்லாமல் இருப்பதில் வந்து முட்டுகிறது. தைரொயிட் இருக்கும் பிள்ளையைக் குறைப்பட்ட பொருள் மாதிரிப் பார்க்கிறோம். "ஒழுங்காச் சாப்பிடாததால வந்தது" என்று அவள் தலையிலேயே போடுகிறோம். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது இது. அவளுடைய குற்றம் என்ன இதில்? கிளினிக்கில் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பெண் தனியாக இருந்து பதில் சொல்ல விட வேண்டும். மாமியும் உம்மாவும் வெளியே வாங்கில் இருக்கட்டும், ஐந்து நிமிசம்தானே.

ராத்தா நாலாம் மாதம் தனியாகப் போன ஒரு நாள் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னா. திரும்பக் குளிசை தொடங்கி, அளவும் கூட்டினார்கள். பிள்ளை இப்போது முன்பள்ளிக்குப் போகிறான், வாய் ஓயாமல் கதைக்கிறான். ஆனாலும் அவன் ஒரு எழுத்தைப் பிழையாக எழுதினால் போதும், ராத்தாவின் முகம் மாறிவிடும். அந்த மூன்று மாதத்தை எண்ணுறா என்று எனக்கு விளங்கும். குளிசைப் பெட்டி இப்போது தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது.