ஒரு வாட் போதும் பாஸ்!

எலெக்ட்ரிக் கிடார் வாங்கியாச்சு. காலேஜ் பேண்டுல இடமும் பிடிச்சாச்சு. அடுத்து? ஆம்ப்! கல்ச்சுரல்ஸ் மேடையில சீனியர் அண்ணன் முதுகுக்குப் பின்னாடி பீரோ சைஸுக்கு நின்ன 100 வாட் ட்யூப் ஆம்ப் கண்ணுக்குள்ளேயே நிக்குது. 'அதே மாதிரி ஒண்ணு வீட்டுக்கு வாங்கிட்டா என்ன?'னு கணக்குப் போடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க. போகப்போறது காசு மட்டும் இல்லை, காதும்தான்!

முதல்ல, ட்யூப்னா என்ன? தாத்தா காலத்து வால்வு ரேடியோவுக்குள்ள மங்கலா ஆரஞ்சு நிறத்துல எரியுமே, அந்த வால்வுதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-லயே இதைத் தயாரிக்க ஆரம்பிச்சுது. டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோ, டி.வி. எல்லாம் வால்வுக்கு டாட்டா காட்டிடுச்சு. கிடார்காரங்க மட்டும் இன்னும் விடலை. 2022-ல ரஷ்யா ட்யூப் ஏற்றுமதியை நிறுத்துறதா செய்தி வந்தப்போ, உலகம் முழுக்க அடிச்சுப் பிடிச்சு வாங்கிப் பதுக்கினாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

காரவள்ளிக்கு வாங்க, புரியும். கொல்லிமலை அடிவாரம். இங்கேருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லேருந்து சமதரையில சமர்த்தா வர்ற பஸ், மலை ஏற ஆரம்பிச்சு கியரைக் குறைச்சதும் உறுமும் பாருங்க... அது எஞ்சின் மூச்சுப் பிடிச்சு வேலை செய்யும்போது மட்டும் வர்ற சத்தம். ட்யூப் ஆம்பும் அதே கேஸ்தான். வால்யூம் குறைவா இருந்தா சுத்தமான சத்தம். அதோட எல்லைக்குத் தள்ளினாத்தான் ஒலி அலையோட உச்சி மழுங்கி, கூடவே ஹார்மானிக்ஸ் முளைச்சு, அந்த 'க்ர்ர்ர்' வரும். டிரான்சிஸ்டரை இப்படித் தள்ளினா, அலையைக் கத்தியில நறுக்கின மாதிரி வெட்டிடும். ட்யூப் அதே உச்சியை உருட்டி விடும். காது சொக்குறது அந்த உருட்டலுக்குத்தான்.

இப்போ யோசிங்க. 100 வாட் ஆம்பை வீட்டுல எந்த அளவுக்குத் தள்ள முடியும்? வால்யூம் ஒண்ணைத் தாண்டினாலே பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவாங்க. சமதரையிலேயே உருட்டுறதுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய எஞ்சின்?

வாட் கணக்கு!

வாட் ரெண்டு மடங்கு ஆனா, சத்தம் கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும். அதுக்கு வாட் பத்து மடங்காகணும். அதாவது, 5 வாட் ஆம்பைவிட 50 வாட் ஆம்ப் 'டபுள்' சத்தம், அவ்வளவுதான்.

மீதி வேலையைச் செய்யுறது ஸ்பீக்கர். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எத்தனை டெசிபல் வருதோ, அதுதான் அதோட சென்சிடிவிட்டி. ஆடி மாசத் திருவிழாவுல வேப்பமரத்துல கட்டின கூம்பு ஸ்பீக்கர் அடுத்த ஊரைக்கூட எழுப்புதே, எப்படி? ஆம்ப் பெருசுங்கிறதால இல்லை. கொடுக்குற கொஞ்சக் கரன்ட்டையும் வீணாக்காம சத்தமா மாத்துறதுல கூம்பு கில்லாடி!

கிடார் ஸ்பீக்கருக்கும் இதே லாஜிக். செலஸ்டியன் கம்பெனியோட வின்டேஜ் 30 ஸ்பீக்கர் 100 டெசிபல். அதே கம்பெனியோட க்ரீன்பேக் 98. மேடைக்கு முதலாவது ஓகே. வீட்டுக்கு? சத்தம் குறைவா தர்ற ரெண்டாவதுதான் பெஸ்ட். அதே சத்தத்துக்கு ட்யூபை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கலாமே! சைஸும் முக்கியம். 8 இன்ச்சுல அடித்தொண்டை வராது, டப்பா மாதிரி ஒலிக்கும். 12 இன்ச்சுல மெதுவா வாசிச்சாலும் நெஞ்சு நிறையும்.

மூணு பேர் மோதுறாங்க!

மார்ஷல் டி.எஸ்.எல்.1: 1 வாட், 8 இன்ச் ஸ்பீக்கர். 0.1 வாட்டுக்குக் குறைக்கிற வசதி உண்டு. ராக் வாசிக்கிற ரூம் பாய்ஸுக்கு ஏத்தது.

வாக்ஸ் ஏ.சி.4, 12 இன்ச் மாடல்: 4 வாட், ஒரே ஒரு இ.எல்.84 பவர் ட்யூப். குட்டி எஞ்சின், பெரிய தொண்டை. தனி வீடா இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான்.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்: 15 வாட், 12 இன்ச். சின்ன மேடையைத் தாராளமா தாங்கும். வீட்டுல மட்டும் வாசிக்கிறவங்களுக்கு ரொம்பவே ஜாஸ்தி.

'சின்ன ஆம்ப்னா கெத்து இல்லையே'னு உதட்டைப் பிதுக்காதீங்க. 1970-ல வந்த 'லைலா' ஆல்பத்துல எரிக் கிளாப்டன் வாசிச்சது ஃபெண்டர் சாம்ப்ல. வெறும் 5 வாட்!

காது பத்திரம்!

97 டெசிபல் ஸ்பீக்கர்னு வெச்சுக்குவோம். 1 வாட்டை முழுசா திறந்தா, 1 மீட்டர்ல 97 டெசிபல். 5 வாட்டுக்கு 104. 50 வாட்டுக்கு 114. அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 97-க்கு அரை மணி நேரம்தான். 104-க்கு ஆறே நிமிஷம்! பிராக்டீஸ் முடிஞ்சதும் காதுக்குள்ள 'ங்ங்ங்'னு கேக்குதா? 'போதும்டா'னு காது கெஞ்சுதுனு அர்த்தம். உள்காதுல இருக்குற நுண்ணிய ரோம செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. கம்பி அறுந்தா மாத்திக்கலாம், காதுக்கு ஸ்பேர் கிடையாது.

சட்டமும் இருக்கு. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45. ஹாஸ்டல்வாசிகளே... ட்யூபை மறந்துட்டு, ஹெட்போன் மாட்டுற டிஜிட்டல் ஆம்ப் வாங்குங்க. வார்டன் வாழ்த்துவார்!

கடைசியா நாலு எச்சரிக்கை. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ட்யூப் ஆம்பை ஆன் பண்ணாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சுடும். 8 ஓம் ஜாக்குல 8 ஓம் ஸ்பீக்கர்தான். அமெரிக்காவுலேருந்து மாமா கொண்டு வந்த 120 வோல்ட் ஆம்பை நம்ம 230 வோல்ட்டுல நேரா சொருகாதீங்க. முக்கியமா, மூடியைத் திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல பதுங்கி இருக்கலாம். ட்ரிபிள்-இ படிக்கிற நண்பன் 'நான் பார்த்துக்கறேன் மச்சி'னு ஸ்க்ரூ டிரைவரோட வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க!

கடைக்குப் போறப்ப உங்க கிடாரையே எடுத்துட்டுப் போங்க. வீட்டுல எந்தச் சத்தத்துல வாசிப்பீங்களோ, அதே சத்தத்துல வெச்சுக் கேளுங்க. அந்தச் சத்தத்துலயே உறுமுதா? அதுதான் உங்க ஆம்ப். பில் போடச் சொல்லுங்க!