போலீஸ் என்னும் பூச்சாண்டி

பேடே லோன் எனப்படும் சம்பளநாள் கடனை வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல் போனால் கைவிலங்கோடு போலீஸ் வரும் என்ற நம்பிக்கை அமெரிக்காவின் உழைக்கும் மக்களிடம் உடும்புப்பிடியாக இருக்கிறது. ‘உங்கள் மேல் மோசடி வழக்குப் பதிவாகப் போகிறது’ என்று வசூல்காரர் போனில் சொன்ன மாத்திரத்தில், வாடகைக்கு எடுத்துவைத்த பணம் அவர் கணக்குக்குப் போய்விடுகிறது. சட்டம் சொல்வதோ நேர்மாறு. கடனுக்காகச் சிறையில் அடைப்பதை மத்திய அரசு 1833லேயே ஒழித்துவிட்டது. டெக்சாஸின் அரசியல் சாசனம் கடனுக்காக எவரையும் ஒருபோதும் சிறைவைக்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வசூல் ஏஜென்சிகள் பொய்யாகக் கைது மிரட்டல் விடுவதை 1977ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. கடன் பாக்கி சிவில் விவகாரம், அவ்வளவுதான். இது தெரியாத கடனாளியின் பயம்தான் இந்தத் தொழிலுக்குக் கிடைத்திருக்கும் நிஜமான ஈடு என்பேன்.

கணக்கைப் பார்ப்போம். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பது பரவலான விலை. ஆண்டு வட்டியாக்கினால் 391 சதவீதம். கந்துவட்டிதான், கண்ணாடிக் கதவும் கணினி ரசீதும் வைத்த கந்துவட்டி. 300 டாலர் வாங்கியவர் அசலைத் தர முடியாமல் 45 டாலரை மட்டும் கட்டி ஏழு முறை புதுப்பித்தால், 315 டாலர் கொடுத்த பிறகும் அந்த 300 அப்படியே நிற்கும். ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட கடன்கள் பதினான்கு நாளுக்குள் புதுப்பிக்கப்படுகின்றன, அல்லது அடுத்த கடனாக மாறுகின்றன என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2014இல் கண்டது. கிரிமினல் நடவடிக்கை வரும் என்று கடனாளிகளை மிரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஏஸ் கேஷ் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அதே ஆண்டில் அபராதமும் திருப்பித் தருவதுமாக 1 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. அதன் பயிற்சிக் கையேட்டில் ஒரு வட்டப்படம் இருந்தது: கடன் வாங்குகிறார், காசு தீர்கிறது, கட்ட முடியவில்லை, வசூலுக்குப் போகிறது, மறுபடி விண்ணப்பிக்கிறார். மிரட்டலின் வேலை அந்த வட்டத்தை நிற்காமல் சுற்றவைப்பது.

‘செக் கொடுத்திருக்கிறாரே, அது திரும்பினால் குற்றம்தானே?’ இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இந்தச் சந்தேகம் கூடுதலாகவே எழும். இங்கே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் ஈராண்டு வரை சிறை உண்டு. அமெரிக்காவில் செக் மோசடி என்றால் ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். பேடே கடனிலோ, கணக்கில் இன்று பணமில்லை என்பது கடன் கொடுப்பவருக்கே தெரியும். தெரிந்துதான் சம்பளத் தேதி போட்ட செக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஏமாந்தவர் யாருமில்லாத இடத்தில் மோசடி எங்கிருந்து வரும்? இந்தச் செக்குக்காகக் கிரிமினல் வழக்குப் போடவோ, போடுவோம் என்று மிரட்டவோ கூடாது என்று கலிஃபோர்னியா சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. செக் திரும்பினால் ஒரே ஒரு முறை 15 டாலர் வரை வாங்கலாம். டெக்சாஸ் சட்டமும் மோசடி இல்லாத பட்சத்தில் கிரிமினல் வழக்கு கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அங்கே 2012க்கும் 2014க்கும் இடையில் கடன் கொடுத்தவர்கள் 1,500க்கு மேற்பட்ட கிரிமினல் புகார்கள் கொடுத்ததை டெக்சாஸ் ஆப்பிள்சீட் என்ற அமைப்பு வெளிக்கொண்டுவந்தது. புகாரை வாங்கிய, வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகம் வட்டிக்கடையின் வசூல் கவுண்டரான கூத்து இது.

‘கைதாகியிருக்கிறார்களே’ என்பார்கள். ஆகியிருக்கிறார்கள். யூட்டாவில் சிறு வழக்கு நீதிமன்றங்கள் விசாரணைக்கு அழைத்தும் வராதவர்கள் மேல் பிடிவாரண்டு பிறந்ததையும், அவர்கள் கட்டிய ஜாமீன் பணம் கடன் கொடுத்தவர் கைக்கே போனதையும் 2019இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. அநியாயம்தான். ஆனால் அந்த வாரண்டு ஆஜராகாததற்குப் பிறந்தது. வேறுபாடு ஏட்டளவில்தான் என்று தோன்றலாம். கடனாளி தப்பும் வழி அதில்தான் இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து சம்மனைப் பிரிக்காமல் வைத்திருப்பவரைத்தான் போலீஸ் தேடி வருகிறது.

சிறை இல்லையென்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கொடுத்தவர் நிராயுதபாணி இல்லை. வழக்கில் ஜெயித்தால், பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடிக்க மத்தியச் சட்டம் இடம்கொடுக்கிறது. டெக்சாஸ், பென்சில்வேனியா, இரு கரோலினாக்கள் ஆகிய மாநிலங்கள் இதுபோன்ற கடனுக்குச் சம்பளத்தில் கைவைக்க விடுவதில்லை. ஃபுளோரிடாவில் கடன் ஆலோசகரைப் பார்க்கச் சம்மதிப்பவருக்குக் கூடுதல் கட்டணமின்றி 60 நாள் அவகாசம். கையெழுத்துப் போட்டவர் வாக்குத் தவறலாமா என்று தர்மம் பேசுபவர்கள் நியூயார்க்கையும் பார்க்க வேண்டும். அங்கே உரிமம் பெறாத ஒருவர் 16 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கு விட்டால் அந்தக் கடனே செல்லாது; 25 சதவீதத்தைத் தாண்டினால் கூண்டில் நிற்க வேண்டியவர் வட்டிக்கு விட்டவர்.