பழுதான வாகனமும் பயன்படாத உரிமையும்

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகையை விழுங்குவது வாகனமே. இரவுப் பணிக்குச் செல்லும் தந்தைக்கும், பிள்ளைகளை வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கும் அது ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை. கடன்பட்டு வாங்கிய அவ்வாகனம் சில வாரங்களிலேயே வீதியோரத்தில் நின்றுவிட்டால், விதியை நொந்தபடி சொந்தச் செலவில் திருத்துவோரே அதிகம். சட்டம் தமது பக்கம் நிற்பதை அவர்கள் அறிவதில்லை.

2015 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைகள் சட்டம், வணிகர் ஒருவரிடம் வாங்கப்படும் புதிய வாகனத்துக்கும் பாவித்த வாகனத்துக்கும் ஒருங்கே பொருந்தும். வாகனம் அதன் வயது, விலை, ஓடிய தூரம் ஆகியவற்றுக்கு ஏற்ற தரத்துடன் இருத்தல் வேண்டும்; விற்றவர் விபரித்தவாறும் இருத்தல் வேண்டும். ஒப்படைக்கும்போதே குறைபாடு இருந்ததை வாங்கியவர் காட்டுவாராயின், 30 நாட்களுக்குள் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அக்காலம் கடந்தபின் திருத்தம் கோரலாம். 6 மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. ஒருமுறை திருத்தியும் பயனில்லையெனில் வாகனத்தை நிராகரிக்கலாம். அவ்வேளையில், பாவித்த காலத்துக்கான ஒரு தொகை கழிக்கப்படலாம்.

"பார்த்தபடியே விற்கப்பட்டது" என்று வணிகர் பற்றுச்சீட்டில் எழுதுவதால் இவ்வுரிமைகள் அற்றுப்போவதில்லை. எனினும், விற்பனைக்கு முன்னரே சுட்டிக்காட்டப்பட்ட குறையை வைத்துப் பின்னர் முறையிட இயலாது.

தவணைக் கொள்வனவு முறையில் வாங்கியோர் நிதி நிறுவனத்திடமே முறையிடலாம். கடன் தீரும்வரை வாகனத்தின் உரிமையாளர் அந்நிறுவனமே. அங்கு தீர்வு கிட்டாவிடில் நிதிக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி நாடலாம். வாகனத்தின் விலை 100 பவுண்ஸுக்கு மேற்பட்டு 30,000 பவுண்ஸைத் தாண்டாதிருந்து, அதில் ஒரு பகுதியேனும் கடனட்டையால் செலுத்தப்பட்டிருப்பின், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை வழங்கிய வங்கியும் பொறுப்பாகும்.

ஆனால், தமிழர்களிடையே வாகனம் பெரும்பாலும் கைமாறுவது "தெரிந்தவர்" மூலமாகவே. பற்றுச்சீட்டு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை, பணம் கையோடு கைமாறுகின்றது. தனியாரிடம் வாங்கும்போது சட்டத்தின் பாதுகாப்பு மிகக் குறைவு. வாகனம் விபரித்தபடி இல்லாவிடில் முறையிடலாமேயன்றி, தரம் குறித்துக் கேட்க வழியில்லை. இதனை அறிந்தே சில வணிகர்கள் தனியாரைப் போல நடித்து விற்கின்றனர். அது சட்டவிரோதம். ஊரவர் என்ற உறவு அதனை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. பற்றுச்சீட்டுக் கேட்பது அவநம்பிக்கையன்று. இருவருக்கும் அது பாதுகாப்பு.

இளையோருக்கு இங்கே பெரும் கடமை உண்டு. பெற்றோர் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை வாசித்துத் தமிழில் விளக்குவது அவர்களால் இயலும். பழுது தெரிந்தவுடன் வேறோரிடத்தில் திருத்தாமல், விற்றவருக்குத் திகதியிட்டு எழுத்தில் அறிவிப்பதும், படங்களையும் கடிதங்களையும் பேணுவதும் அவசியம். தொலைபேசியில் பேசியது மறுக்கப்படலாம், எழுதியது நிலைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ஸ் வரையான கோரிக்கைகளைச் சட்டத்தரணி இன்றியே சிறு கோரிக்கைப் பிரிவில் தொடரலாம்.

நீதிமன்றம் என்ற சொல்லுக்கே அஞ்சிய வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் பெற்றோர் பலர். அவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால், வரியும் காப்புறுதியும் தவறாது செலுத்தும் அவர்கள் இந்நாட்டின் சட்டம் தரும் பாதுகாப்புக்கும் முழு உரித்துடையோர். அதனைத் துணிந்து கேட்கப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே முன்வருதல் வேண்டும்.